மற்றக் கணவாய்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மணாலியிலிருந்து லே நகருக்கு மிதிவண்டியில் மலைக் கணவாய்களைக் கடந்து சென்ற பயணத்தைப் பற்றிப் பேசுமாறு நண்பர்கள் பணித்தார்கள். பழவேற்காட்டில் நின்றுகொண்டு கணவாய் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கடற்கரையில் கணவாய் என்றால் வலையில் ஏறும் உயிர். துரத்துவோர்முன் மையைக் கக்கிவிட்டு மறைந்துகொள்ளும். கவிஞர்கள் நிறைந்த அவையில் இதற்குமேல் அதை விளக்க நான் துணியமாட்டேன். நான் பேச வந்தது மற்றக் கணவாயை.

நம் கவிதைகளில் மலை வரும்போதெல்லாம் சிகரம்தான் வருகிறது. ஏறுகிறோம், வெல்கிறோம், கொடி நாட்டுகிறோம். மிதிவண்டியில் செல்பவனுக்கோ சிகரத்தோடு வேலையே இல்லை. மலைத்தொடர் எங்கே சற்றுத் தாழ்ந்து வழிவிடுகிறதோ அந்த இடமே அவனுக்கு வேண்டும்.

அந்தத் தாழ்வும் எளிதில் எட்டுவதாயில்லை. ரோதாங் 3,978 மீட்டர். பாரலாச்சா லா 4,800 மீட்டருக்கும் மேல். இறுதியில் வரும் தங்லங் லா ஏறத்தாழ 5,300 மீட்டர். 'லா' என்றாலே அம்மக்கள் மொழியில் கணவாய்தான். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட சுரங்கப்பாதையால் வாகனங்கள் ரோதாங்கின் அடியில் புகுந்து சென்றுவிடுகின்றன. ஏனையவற்றை ஏறித்தான் கடக்க வேண்டும். சர்ச்சுவுக்கு அப்பால் அடுக்கடுக்காக 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரத்துக்கு முன் கடந்த வளைவு, கீழே கல்லெறி தொலைவில் கிடக்கும்.

தங்லங் லாவில் காற்றழுத்தம் நம் கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. கால் சோருமுன் மூச்சு முட்டும். அவசரம் ஆகவே ஆகாது. 3,000 மீட்டருக்குமேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டிச் செல்வதே முறை. தலைவலியும் வாந்தியும் கண்டால் நின்றுவிட வேண்டும். தணியாவிட்டால் இறங்கிவிட வேண்டும். வீம்பு பிடித்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரே போகலாம். பிற்பகலில் எதிர்காற்று வேறு. ஏரியில் பாய் கட்டியவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. முன்னே செல்பவர் காற்றைத் தாங்க, மற்றவர்கள் அவர் பின்னே ஒதுங்கி, முறைவைத்து மாறிக்கொண்டோம். இங்கே பாடு முறையில் வலை இறக்குகிறீர்களே, ஏறக்குறைய அதுபோல.

தங்லங் லாவுக்குத் தெற்கே, சாலையிலிருந்து சற்று விலகி, சோ கர் என்றோர் உப்பேரி இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 4,500 மீட்டர். சாங்பா மேய்ப்பர்கள் அதன் கரையில் உப்பெடுத்து, ஆடுகளின் முதுகில் ஏற்றி, கணவாய்களைக் கடந்து சென்று வாற்கோதுமைக்கு மாற்றி வந்தார்கள். உப்பங்கழிக் கரையில் வாழும் நமக்கு அந்த மலைநாட்டில் இதைவிட நெருக்கமான செய்தி வேறில்லை. நம் உமணர்களும் இதைத்தானே செய்தார்கள்? பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும் என்று, உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றார்கள். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் பொகுட்டெழினியைப் புகழ வந்த ஔவையார் அந்த அச்சையே உவமையாக எடுத்தார். ஒரு வீரனைப் பாட அவர் மலையுச்சியைத் தேடவில்லை. வண்டிக்கடியில் கிடந்த மரத்துண்டு போதுமாயிருந்தது. மாற்று டியூபும் ஆரக்கம்பிகளும் பிரேக் கட்டைகளும் பையில் கனக்க, கடையோ வீடோ இல்லாத மோரே சமவெளியைக் கடப்பவனுக்கு அந்த உவமை நன்றாகவே விளங்கும்.

கணவாயின் தலைப்பில் கற்குவியலும் வண்ணக் கொடிகளும் இருக்கும். அங்கே வந்து சேர்ந்ததும் லடாக்கியர் உரக்கக் கூவுவது, தெய்வங்களுக்கு வெற்றி என்று. ஏறி வந்தவனுக்கு வெற்றி என்று எவரும் கூவுவதில்லை.

குளிர்காலத்தில் பனி மூடி அவ்வழி மாதக்கணக்கில் அடைபட்டுப்போகிறது. இங்கே முகத்துவாரம் மணல்மேடிட்டுத் தூர்ந்தால் என்னவாகும் என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். படகு கடலுக்குப் போகாது. இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. பத்தாண்டுகளாக இக்கரையில் கூடிக் கவிதை படித்து வருகிறோம். சிகரங்களைப் பற்றி நிறையக் கேட்டாயிற்று. அந்த முகத்துவாரத்தைப் பற்றி மனத்தில் நிற்கும் கவிதை ஒன்றுகூட இந்த அவையில் நான் கேட்டதில்லை. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் கூனங்குப்பத்திலிருந்தும் வந்திருக்கும் இளங்கவிஞர்கள் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்களை முதலில் படிக்க அழைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.