ரஷ்ய வீடொன்றில் மூன்று திருமலைப் பெண்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் நீரிழிவைப் பற்றிப் பேசுவோம் என்றுதான் சங்கத்தினர் நினைத்திருப்பார்கள். அதை இந்த மேடையில் போதிய அளவு பேசியாகிவிட்டது. இன்று ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். 'நாங்கள்' என்பது ஒரே வகுப்பிலிருந்து மொஸ்கோவுக்குப் போன மூவர். மற்ற இருவரும் இப்போது வெளிநாட்டில்.

2000ஆம் ஆண்டு, மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம். 1960இல் தொடங்கியது, எங்கள் அப்பாமாருக்கு அது இன்றும் 'லுமும்பா'தான். முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழி படித்தோம். சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் பள்ளிக்கு வந்து பழகிய எங்களுக்கே, குளிரைவிட அங்கு கடையிலும் மெட்ரோவிலும் ஒருவரும் சிரிக்காததுதான் பயமாக இருந்தது. அந்த முகங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளேதான் மலரும் என்று, மொழி ஆசிரியை எங்களைச் சாப்பிட அழைத்த நாளில் தெரிந்தது.

வாசலிலேயே பிழை விட்டோம். படிக்கு வெளியே நின்று கேக்கை நீட்டினோம். வாசற்படிக்கு மேலால் எதையும் கொடுக்கக்கூடாதாம். கையைப் பிடித்து உள்ளே இழுத்த பிறகுதான் வாங்கினார். கொண்டுபோனவை நான்கு பூக்கள். ஆசிரியையின் அம்மா ஒன்றும் பேசாமல் ஒன்றை எடுத்து வேறு கிளாசில் வைத்தார். இரட்டைப்படையில் பூ இறந்தவர்களுக்கு மட்டுமே என்று பிறகு அறிந்தோம். அந்த முதியவரை நாங்களும் 'பாபுஷ்கா' என்றே அழைத்தோம்.

சப்பாத்தைக் கழற்றியதும் ஆளுக்கொரு வீட்டுச் செருப்பு தந்தார்கள். எங்களில் ஒருத்தி சைவம் என்றதும், "அப்படியானால் கோழி?" என்று கேட்டார்கள். பிறகு காளான், உருளைக்கிழங்கு, ஊறுகாய் வெள்ளரி என்று மேசை நிறைந்தது. தேத்தண்ணீர் நம் நாட்டுடையது, பெட்டியில் சிங்க முத்திரையோடு. சிறு கேத்தலில் கடுஞ்சாயம் ஊற்றி, சுடுநீர் கலந்து, பழப்பாகைக் கரண்டியால் தின்றுகொண்டே குடித்தார்கள். பனங்கட்டி கடித்து வெறுந்தேத்தண்ணீர் குடித்த எங்களுக்கு அதில் புதுமை இல்லை. பாபுஷ்கா மட்டும் மேசையில் சிந்திய பாண் துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொண்டார். லெனின்கிராட் முற்றுகையின்போது அவர் அங்கே சிறுமியாக இருந்தவர். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு வருடம் எடுத்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடுதித் தொலைக்காட்சியில் நம் கரையைப் பார்த்தோம். கிண்ணியா வைத்தியசாலையையே கடல் விட்டுவைக்கவில்லை என்று கேள்விப்பட்டபோது கை நடுங்கியது. தொலைபேசி எங்கும் கிடைக்கவில்லை. மாலையில் ஆசிரியை பனியில் வந்து மூவரையும் கூட்டிப்போனார். "ஒன்றும் நடந்திருக்காது" என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆசிரியையின் கணவர் இரவிரவாக எண்களைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பாபுஷ்கா நாங்கள் அழும்போதெல்லாம் எதையாவது ஊற்றிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். மூன்றாம் இரவு இணைப்புக் கிடைத்தது. இரண்டு வீட்டார் தப்பியிருந்தார்கள். மூன்றாமவளின் அம்மம்மா நிலாவெளியில் இருந்தவர். அவர் இல்லை.

அங்கே புதுவருடம்தான் ஆண்டின் பெரிய கொண்டாட்டம். அந்த முறை அவர்கள் மணியோசை கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்கள். ஜனவரி 3, ஒன்பதாம் நாள். நமக்கு எட்டும் முப்பத்தொன்றும்போல அவர்களுக்கு ஒன்பதும் நாற்பதும். பாபுஷ்கா அம்மம்மாவின் பெயரைக் கேட்டு, தன் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்தார். அதன்முன் ஒரு கிளாஸ், அதன்மேல் ஒரு துண்டுப் பாண். வேகவைத்த கோதுமைமணியில் தேனும் முந்திரிகை வற்றலும் கலந்து எல்லோருக்கும் கொடுத்தார். நம் பொங்கல்போலவே இருந்தது. மேசையில் அன்று நான்கு பூக்கள்.

2007இல் விடைபெறும்போது, பயணத்துக்கு முன் அவர்கள் வழக்கப்படி எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் அமர்ந்தோம். "உங்கள் துறைமுகத்தைக் காட்டுவீர்களா?" என்று பாபுஷ்கா கேட்டார். கூட்டிவருவோம் என்றோம். பிறகு பரீட்சை, பயிற்சிக்காலம், போர். யாரையும் அழைக்கக்கூடிய ஊராக இது அப்போது இல்லை. 2011இல் அவர் காலமான செய்தி வந்தது. விமானச் சீட்டுக்கென்று மூவரும் சேர்த்த பணம் அப்போது பாதிகூட நிறையவில்லை.

இப்போது உப்புவெளிக்கு ரஷ்யப் பயணிகள் வருகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மொழி தெரிந்த வைத்தியர் என்று விடுதிகளிலிருந்து அழைப்பு வரும். பார்த்து முடித்தபின் அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் கொடுப்போம். அளவுக்கு மீறி உபசரிப்பதாக எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார்.