பார்க்க ஆளில்லாத முற்றத்துக்கும் பூவும் பழமும்
(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வீட்டுக்கு முன்னால் நாலு பூச்செடி, பின்னால் இரண்டு பழ மரம் வைக்க எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுத்துப் போட்டு, விறகோடு வீடு வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, சோறாக்கி முடிக்கிற அம்மாவிடம் போய், "அந்தியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், வாரம் ஒரு தரம் மருந்தடியுங்கள்" என்று சொல்வது அநியாயம். அது துரை பங்களாவுக்குச் சரி, அங்கே அதற்கென்றே ஆள் உண்டு. நமக்கு வேண்டியது, முதல் வருசம் கொஞ்சம் பார்த்துவிட்டால் பிறகு தன்பாட்டில் நிற்கிற செடி. அதனால் நாற்று வாங்கும்போது "அழகா இருக்கா?" என்று கேட்பதற்கு முன்னால், "ஒரு மாதம் யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் இது நிற்குமா?" என்று கேளுங்கள்.

இதை நான் தெரிந்துகொண்டது நறுவிலிக்குளத்தில். மன்னார் மாவட்டத்தில், நானாட்டான் பக்கம், கரையோரத்தை அண்டிய ஊர் அது. "எங்கே மன்னார், எங்கே நம்ம மலை" என்று சிரிக்காதீர்கள். கோப்பிக் காலத்தில் நம்முடைய பாட்டன் பூட்டன்மார் தோணியில் வந்து இறங்கியது அந்த மன்னார்க் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலும் வந்த பிறகும் நமக்கு அதுதான் வாசல். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு இங்கிருந்து வன்னிக்கும் மன்னார்ப் பக்கமும் போய்க் குடியேறியவர்களும் நம் ஆட்கள்தானே. என் சின்னம்மா குடும்பம் அப்படிப் போனதுதான்.

அங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதம். வருசம் முழுக்கக் கூட்டினாலும் 1,000 மில்லிமீற்றர் அளவுதான். நம் வட்டவளைப் பக்கம் அதைப்போல நாலைந்து மடங்கு கொட்டும். மழை போனால் வெயில், அதற்குமேல் சோளகக் காற்று. கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் உவர். அந்த மண்ணிலும் வீட்டுக்கு வீடு பச்சை இருக்கிறது. எப்படி?

ஊர்ப் பெயரைப் பாருங்கள். நறுவிலி ஒரு மரம். சின்னச் சின்னப் பழம், உள்ளே பசைபோல இழுக்கும். பிள்ளைகள் தின்பார்கள், அதே பசையால் காகிதமும் ஒட்டுவார்கள். காயை ஊறுகாய் போடலாம். யாரும் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற மரமல்ல. பக்கத்து ஊர்களைச் சொல்லுங்கள்: முருங்கன், அடம்பன், இலுப்பைக்கடவை. பெயரிலேயே மரமும் கொடியும் தெரிகிறது. எது அந்த மண்ணில் தானாக நின்றதோ அதைச் சனங்கள் மதித்திருக்கிறார்கள். முற்றத்திலும் அதே கணக்குத்தான். முருங்கை, தேசி, மாதுளை, அன்னமுன்னா. பூவுக்குச் செவ்வரத்தை, காகிதப்பூ, நித்தியகல்யாணி. இந்த நித்தியகல்யாணியை யாழ்ப்பாணத்தார் பட்டிப்பூ என்பார்கள். மணலில் நட்டாலும் வருசம் முழுக்கப் பூக்கும்.

சின்னம்மா போனபோது டேலியாக் கிழங்கும் ஹைட்ரேஞ்சியாத் தடியும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனார். மலை நினைவு விடவில்லை. குடிதண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றியும் சித்திரை வெயிலில் இரண்டும் கருகிவிட்டன. பிறகு பக்கத்து வீட்டு அக்கா ஒடித்துக் கொடுத்த காகிதப்பூத் தடியை நட்டார். வேர் பிடித்த பிறகு அதற்கு அவர் தண்ணீரே ஊற்றவில்லை. வேலி தெரியாமல் பூத்தது. காகிதப்பூவுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் போடும், காய்ச்சலில்தான் பூக்கும். அதனால்தான் நம் மழை மலையில் அது கொடியாக ஓடுகிறதே தவிரப் பூக்க யோசிக்கிறது.

மாமரமும் இப்படித்தான். யாழ்ப்பாணம் போய் வருகிறவர்கள் கறுத்தக்கொழும்பான் கொட்டையைக் கொண்டுவந்து லயத்துக்குப் பின்னால் புதைக்கிறார்கள். மரம் வளரும். ஆனால் மா பூப்பதற்கு ஒரு வறட்சி வேண்டும். பூத்த நேரம் மழையும் மூடுபனியும் பிடித்தால் பூசணம் வந்து பூ கருகிக் கொட்டிவிடும். உயர்ந்த தோட்டத்தில் பத்து வருசம் காத்திருந்தும் பழம் காணாதவர்கள் இங்கேயே இருப்பீர்கள். பப்பாசியும் 3,000 அடிக்கு மேலே தயங்கும், காய்த்தாலும் இனிப்பு ஏறாது.

இதற்காக வெளியூர்ச் செடியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மன்னார் பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் நிற்கிறது, சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அதன் தாய்நாடு ஆபிரிக்கா. அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். அங்குள்ள வறட்சி அதற்குப் பழகின வறட்சி, அதனால் நிலைத்துவிட்டது. நமக்குச் சோறு போடுகிற தேயிலையும் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட வெளிநாட்டுச் செடிதான். செடிக்கும் இடத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதே கேள்வி.

சரி, நம் மலைக்கு எது பொருந்தும்? என்னைக் கேட்டால் முதலில் மரத்தக்காளி. விதையிலிருந்தே இரண்டு வருசத்துக்குள் காய்க்கும். பச்சையாகவும் தின்னலாம், சம்பலும் அரைக்கலாம். இரண்டு குறை உண்டு. வேர் மேலாக ஓடும், ஆகவே பெருங்காற்றில் சாயும், சுவர் மறைவில் வையுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அதனால் சின்னதாக ஒரு கான் வெட்டிவிடுங்கள். செடி இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை விரிந்து, கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கும். கவ்வாத்து வெட்டுகிற கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது பேஷன் பழம். கோழிக்கூட்டின் மேல் ஏற்றிவிடுங்கள், அவ்வளவுதான். உயர்ந்த இடத்துக்கு ஊதா நிறப் பழம், கீழ்ப்பகுதிக்கு மஞ்சள். இதை மாற்றி நடுகிறவர்கள்தான் "காய்க்கவில்லை" என்று திட்டுகிறார்கள். நடு உயரத்துத் தோட்டங்களுக்குக் கொய்யா. தோடம்பழத்தை விடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு. இரத்தச் சோகை இருக்கிற நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது முக்கியம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணீர் அதைத் தடுக்கும். தேத்தண்ணீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள் (தேயிலைத் தோட்டத்தில் நின்று இதைச் சொல்ல எனக்குச் சங்கடம்தான்). வாழை மிக உயரத்தில் மெதுவாகத்தான் குலை தள்ளும், மற்ற இடங்களில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் ஓரத்தில் ஒரு கன்று போதும்.

பட்டர் புரூட் நல்ல மரம், நல்ல விலை, ஆனால் இடம் கேட்கும். 2015க்குப் பிறகு கட்டிய தனிவீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுத்தார்கள். 7 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு, கக்கூஸ், பாதை போக மிஞ்சுவதில் ஒரு பட்டர் புரூட் மரம் நின்றால் வேறு எதற்கும் வெயில் விழாது. எல்லையில் வைத்தால் பக்கத்து வீட்டோடு சண்டை. இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்கு அந்த மரம் வேண்டவே வேண்டாம். வாசலில் ஒரு முழ அகலம் இருந்தாலும் பேஷன் கொடிக்குப் போதும்.

பூவுக்கு, சின்னம்மா மன்னாரில் இழந்த அதே ஹைட்ரேஞ்சியாவை இங்கே தடி ஒடித்து நட்டாலே வரும். நம் தேயிலை மண் புளிப்பு மண், அதனால் பூ நீலமாக வரும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் அதே செடி ரோஸ் நிறமாகப் பூக்கும். பிள்ளைகள் செய்து பார்க்கலாம். ஜெரேனியம், டேலியா, செவ்வந்தி எல்லாம் நம் குளிருக்குப் பழகியவை. செவ்வந்தி கோயிலுக்கும் ஆகும்.

தன்பாட்டில் வளர்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவராதீர்கள். கான் ஓரத்தில் பெரிய மணிபோலத் தொங்குகிற ஊமத்தைச் சாதிப் பூ, வேலியில் நிற்கிற அலரி, இரண்டும் பூ, இலை, விதை எல்லாம் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வேண்டாம். தொட்டியில் நடுகிறவர்கள் அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடும்.

நடுகிற காலம் தப்பினால் நல்ல செடியும் சாகும். ஹற்றன், தலவாக்கலை பக்கம் வைகாசி மழையோடு நடுங்கள். பதுளை, பண்டாரவளை பக்கம் ஐப்பசி மழையோடு. ஒன்றரை அடிக் குழி, ஒரு கூடை மக்கின மாட்டெரு அல்லது அடுப்படிக் குப்பை, மேலே காய்ந்த புல் மூடாக்கு. முதல் வறட்சிக்கு மட்டும் வாரம் இரண்டு வாளி. தவறணையில் கன்றுக்குப் பந்தல் போடுவது போல, முதல் மாதம் இரண்டு கொப்பு குத்தி நிழல் கொடுங்கள்.

மரத்தக்காளி விதை கழுவிக் காயவைத்துத் தாளில் மடித்துக் கொண்டு வந்திருக்கிறேன். வீட்டுக்குப் பத்து விதை வரும். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.