பெயரழித்தும் அழியாத பேரரசி



எகிப்து நாட்டு அரசி என்றதும் கிளியோபாத்திராவின் பெயரே நம்மவர் நாவில் முந்தி வருகின்றது. அவளுக்கு ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்னே அந்நாட்டை ஆண்ட ஹற்செப்சுற் என்பவளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

கணவன் இரண்டாம் துத்மோஸ் இறந்தபோது, வேறொரு மனைவி வயிற்றுப் பிள்ளையான மூன்றாம் துத்மோஸ் சிறுவன். அவன் பொருட்டு கி. மு. 1479 அளவில் ஆட்சிப் பொறுப்பேற்றவள், சில ஆண்டுகளில் தானே மன்னனாக முடி சூடிக்கொண்டாள். சிற்பங்களிலே மன்னர்க்குரிய பொய்த்தாடியும் அணிந்தாள்! ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆண்டாள். செங்கடல் வழியே பூந்து நாட்டுக்குக் கப்பல்கள் அனுப்பி, நறும்பிசின் மரங்களை வேரோடு கூடைகளில் வைத்துக் கொணர்வித்தாள். டெயிர் எல்-பாஹ்ரி மலையடிவாரத்தில் அவள் எடுப்பித்த கோயிலின் சுவர்களில் அக்காட்சியை இன்றும் காணலாம்.

அவள் மறைந்து இருபது ஆண்டுகள் வரை கழிந்தபின், மூன்றாம் துத்மோசின் ஆணையால் அவள் பெயர் கல்லிலிருந்து செதுக்கி எடுக்கப்பட்டது. சிலைகள் உடைத்துக் குழிகளில் எறியப்பட்டன. சிற்றன்னை மீது கொண்ட பகை என்றே முன்னர் எழுதினர். பகைவன் இருபது ஆண்டு பொறுத்திருப்பானா? தன் மகனுக்கு அரசுரிமையை உறுதிசெய்யவே அப்படிச் செய்தான் என்போர் இன்று பலர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகின்றது.

1829இல் அக்கோயிலுக்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் ஒரு புதுமை கண்டார். தாடி வைத்த மன்னனின் உருவம். அருகிலுள்ள எழுத்துக்களிலோ பெண்பால் விகுதிகள்! நம் மொழியில் ‘ஆண்டான்’ என்பதற்கும் ‘ஆண்டாள்’ என்பதற்கும் இடையே ஓர் எழுத்துத்தானே வேறுபாடு? பெயரைச் சிதைத்தவர்கள் விகுதியை மறந்துவிட்டார்கள். இலக்கண வகுப்பிலே கண்ணயரும் தம்பிமார் இதனை மனங்கொள்வார்களாக. உடைந்த சிலைத்துண்டுகளை 1920களில் நியூயோர்க் நூதனசாலையார் தோண்டியெடுத்துப் பொருத்தினர்.

கர்நாக் கோயிலில் அவள் நாட்டிய ஒற்றைக்கல் தூண்களின் கீழ்ப்பகுதியைச் சுற்றியும் துத்மோஸ் மதில் எழுப்பினான். மறைக்க எழுப்பிய மதிலே காப்பரணாயிற்று. உள்ளிருந்த எழுத்துக்கள் வெயிலும் காற்றும் படாமல் பிழைத்தன. ஏழு மாத உழைப்பில் வெட்டிய கல் என்று அங்கே பொறித்திருக்கின்றாள். வருங்காலத்தில் இதைக் காண்போர் என்ன சொல்வார்களோ என்று தன் நெஞ்சம் அலைவதையும் மறையாது கூறுகின்றாள். அத்தூண்களுள் ஒன்று, ஏறத்தாழ 30 மீற்றர் உயரத்தில், இன்றும் அங்கே நிற்கின்றது.