காமாலையும் தூக்க மாத்திரையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அடியேன் மருத்துவம் கற்றவன் அல்லேன். பள்ளியிறுதி தேறி, இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரிபவன். எனினும், நம் இல்லங்கட்கு வேண்டிய செய்தியொன்றைப் படித்தறிந்தேன். அதனை இவ்வவை முன் வைக்க விழைகிறேன்.

1955-56இல் தில்லி மாநகரின் குடிநீரிற் சாக்கடை நீர் கலந்து, ஏறத்தாழ 29,000 பேர் காமாலையுற்றனர். அந்நோயின் கிருமி எதுவென்பது நெடுங்காலம் விளங்கவில்லை. நம் புனே நகரில் 1952இல் தோன்றி, 1978இல் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் எனப் பெயர் பெற்ற நிலையத்தின் அறிஞர்கள், அமெரிக்க அறிஞர்களுடன் கூடி, சேமித்து வைத்திருந்த இரத்தத்தைச் சோதித்தனர். அக்கிருமி ஏ வகையுமன்று, பி வகையுமன்று என 1980இல் அறிவித்தனர். இன்று அதனை ஹெபடைடிஸ் ஈ என்கிறோம். கருவுற்ற மகளிர்க்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், அது பெருங்கேடு விளைப்பது.

நாம் உண்ணும் மருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றுவது ஈரல். சரக்குக் கொட்டகையில் ஆட்கள் குறைந்தால் வந்த மூட்டைகள் தேங்குவதுபோல, ஈரல் நலிந்தால் மருந்து உடலில் தேங்கும். டயசெபாம் என்னும் தூக்க மருந்து, வைரஸ் காமாலை உற்றவர் உடலில் வழக்கத்தினும் ஏறத்தாழ இரு மடங்கு காலம் தங்குவதை 1975இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆக்சசெபாம் என்னும் மருந்து அவ்வாறு தேங்குவதில்லை என 1976இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. ஆகவே மருந்துக்கு மருந்து வேறுபாடு உண்டு. அதனைத் தேர்வது மருத்துவர் கடன்.

இதனினும் முக்கியமானது ஒன்று. இரவில் உறக்கமின்மை, பகலில் அயர்வு, பேச்சிற் குழப்பம் ஆகியன, ஈரல் தளர்ந்து மூளை பாதிக்கப்படுவதன் முன்னறிகுறிகளாகலாம். அந்நேரத்தில், “பாவம், சற்று உறங்கட்டும்” என்று இரங்கி, வீட்டில் எஞ்சிய மாத்திரையைக் கொடுப்போமாயின், அபாய விளக்கை நாமே மறைத்தவராவோம், மயக்கமும் மிகும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாயிற்று என்று வாளாவிருத்தலும் தகாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உண்ட மருந்துகள் அனைத்தையும் மறவாது கூறுங்கள்.

குடிநீரைக் காய்ச்சிப் பருகுவோம்; நோயுற்றார்க்குத் தாமே மருந்தளித்தல் தவிர்ப்போம். நம் காலனிக் குடும்பங்கள் நோயின்றி வாழ்க!