காவலனுக்கு ஏற்ற துவக்கு

பள்ளிக்கூட அதிபர் ஒருவர் துவக்கைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயின் படுவான்கரைப் பள்ளிகளிற் கற்பிப்போருக்கு இது புறம்பான பொருளன்று. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையிற் பரந்து கிடக்கும் அந்நிலத்தில், வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. வேளாண்மை விளையும் காலத்தில் பன்றியும் யானையும் வட்டைக்குள் இறங்குகின்றன. அவ்வூர்களிற் பிறந்த இளைஞர் சிலர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திற் காவலராகச் சேர்கின்றனர். என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் அத்தகைய பயிற்சிக்குப் புறப்படுமுன் என்னிடம் வந்து, "சேர், காவலுக்கு எப்படிப்பட்ட துவக்கு நல்லது? எட்டத்துக்குப் பாய்வதையே கேட்டு வாங்கு என்று அப்பா சொல்கிறார்" என்றான். அவன் தந்தையார் ஒரு காலத்தில் வேட்டைக்குப் பேர்போனவர். வேட்டைக்காரனுக்கு நல்லதெல்லாம் காவலனுக்கும் நல்லதாகுமா? அவ்வினாவே இன்றைய பேச்சின் பொருள்.

நூல்களிலே துப்பாக்கி என வழங்குவதை நம் பகுதியார் துவக்கு என்பர். இங்கு நான் கூறுவது, தோட்டாவுக்குள் இருக்கும் பல சன்னங்களைச் சிதறி வீசும் 'ஷொட் கன்' வகையையே. ஒற்றைக் குண்டை நெடுந்தூரம் செலுத்தும் 'ரைபிள்' வேறு.

முதலிற் காவலன் யார் என்பதைத் தெளிந்துகொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நாட்டிற் பணியாற்றிய மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என எழுதிவைத்துள்ளனர். 1845 இல் மின்னல் தாக்கி அவர் மாண்டார். அது வேட்டையின் காலம். 1894 இல் வேட்டை விலங்குகளைக் காக்கவென ஒரு சங்கம் தோன்றியது. 1908 இல் எங்கல்பிறெக்ற் என்பார் யாலக் காட்டின் முதற் காவலராக நியமனம் பெற்றார். தென்னாபிரிக்கப் போரிலே சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1949 இல் அதனை நடைமுறைப்படுத்தத் தனித் திணைக்களம் அமைந்தது. ஆகவே காவலனது தொழில் வேட்டையின் தொடர்ச்சியன்று. அதற்கு எல்லை வகுக்க எழுந்த தொழில். அவன் ஆண்டு முழுவதும் துவக்கைச் சுமப்பான். அதனைச் சுடும் நாட்களோ மிகச் சில. எனவே, சுடும்போது எவ்வளவு வலியது என்று கேட்பதற்கு முன், சுடாதபோது எவ்வளவு பத்திரமானது என்று கேட்டல் வேண்டும்.

யானைக்காகவேனும் வலிய துவக்கு வேண்டாமா எனச் சிலர் கேட்பர். வேண்டாம் என்பதே விடை. சன்னம் பட்ட யானை அந்த இடத்தில் விழுவதில்லை. ஈயம் உடலிலே தங்கிப் புண் சீழ் கொள்ளும். வேதனை மிகுந்த விலங்கு அடுத்த முறை மனிதரைக் கண்டதும் பாயும். ஒருவர் வைத்த வெடிக்கு மற்றொருவர் உயிர் கொடுக்க நேரும். 2011 இல் எடுத்த கணக்கின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2019 இல் மாத்திரம் 400-க்கு மேற்பட்ட யானைகளும் 100-க்கு மேற்பட்ட மனிதரும் இந்தப் பிணக்கினால் இறந்தனர். யானையை விரட்ட ஓசை போதும். அதற்கென்றே யானை வெடி உண்டு. துவக்கு அவ்வேலைக்குரிய கருவியன்று.

இனித் தெரிவுக்கு வருவோம். முதலாவது குழலின் அளவு. '12 போர்' என்றால் என்ன? குழலின் உள்வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை என்பதே அதன் பொருள். ஆகவே எண் கூடக் கூடக் குழல் சிறுத்துச் செல்லும். 12 போரின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், 20 போரின் விட்டம் 15.6 மில்லிமீற்றர். உடல் மெலிந்த இளைஞனுக்கு 20 போர் இலேசாகத் தோன்றலாம். எனினும் உலகெங்கும் பெரிதும் வழங்குவது 12 போரே. ஒரு காவல் நிலையத்தில் எல்லோரும் ஒரே அளவைக் கைக்கொள்வதே நன்று.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 20 போர்த் தோட்டா ஒன்று தவறுதலாக 12 போர்க் குழலுக்குள் புகுமாயின், அது சற்று முன்னே சென்று இறுகி நின்றுவிடும். பின்புறம் பார்ப்பவனுக்கு அறை வெறுமையாகவே தோன்றும். அவன் வேறொரு தோட்டாவை இட்டுச் சுடுவானாகில் குழல் வெடித்துக் கையைப் பறிக்கும். இந்த அபாயம் கருதியே 20 போர்த் தோட்டாவின் உறைக்கு மஞ்சள் நிறம் இடுவது வழக்கமாயிற்று. இருளிலே நிறம் தெரியாது. இரு அளவுகளும் ஓரிடத்திற் கலவாதிருத்தலே உறுதியான காப்பு.

இரண்டாவது அமைப்பு. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் துவக்கு உண்டு. முன்கையால் இழுத்து ஏற்றும் துவக்கும் உண்டு. இவை பல தோட்டாக்களைக் கொள்ளும். ஆனால் உள்ளே தோட்டா இருக்கின்றதா என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. நடுவே மடிந்து திறக்கும் துவக்கோ அப்படியன்று. அதனை மடித்து முழங்கையிற் போட்டுக்கொண்டு நடந்தால், இருபது முழத்துக்கு அப்பால் வருபவரும் அது சுடமுடியாத நிலையில் இருப்பதைக் கண்டுகொள்வார். தோணியில் ஏறும்போதும், வேலியைக் கடக்கும்போதும், உழவு இயந்திரப் பெட்டியில் நாலு பேருடன் அமரும்போதும் ஒரு நொடியில் அதனைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். பயிலும் காவலனுக்கு நான் இவ்வகையையே சொல்வேன். ஒற்றைக் குழலும் போதும். இரட்டைக் குழலாயின், ஒன்று பழுதுபட்டாலும் மற்றது உதவும்.

நம் மாவட்டத்துக்கு இது மேலும் பொருந்தும். 2009 வரை நீடித்த போரின்போது வெடியோசை கேட்டாற் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஓடிய தாய்மார் இவ்வூர்களில் இன்றும் வாழ்கின்றனர். சீருடையும் துவக்குமாக ஒருவன் ஒழுங்கையிலே வந்தால் அவர்கள் நெஞ்சம் இப்போதும் துணுக்குறும். காவலனுக்கு ஊராரின் துணை வேண்டும். யானை எந்தப் பக்கம் இறங்கியது, கண்ணி வைத்தவன் யார் என்பதையெல்லாம் சொல்லவேண்டியவர்கள் அவர்களே. மடித்த துவக்குடன் வருபவனிடம் அவர்கள் பேசுவார்கள்.

துவக்கிலுள்ள காப்புப் பொத்தானை நம்பலாமே என்பர் சிலர். பெரும்பாலான துவக்குகளில் அப்பொத்தான் விசையை மாத்திரமே தடுக்கும். உள்ளே இழுபட்டு நிற்கும் குதிரையைத் தடுக்காது. கீழே விழுந்த அதிர்ச்சியிலும் வெடி தீரலாம். தோட்டா இல்லாத அறையே மெய்யான காப்பு.

மூன்றாவது பொருத்தம். சட்டையை அளந்து தைப்பிக்கும் நாம் துவக்கை அளந்து பார்ப்பதில்லை. பிடங்கின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், சுட்டுவிரல் வருந்தாமல் விசையைத் தொடவேண்டும். இது பருமட்டான அளவே. கண்ணை மூடித் துவக்கைத் தோளுக்கு உயர்த்திப் பின் கண்ணைத் திறக்கும்போது, பார்வை குழலின் மேலே நேராகச் செல்லுமாயின் அது அவனுக்குரியது. எந்தக் கண் ஆளும் கண் என்பதையும் அறிதல் வேண்டும். இரு கண்களையும் திறந்து தூரத்துத் தென்னை ஒன்றை விரலாற் சுட்டுக. பின் இடக்கண்ணை மூடுக. விரல் தென்னையிலேயே நின்றால் வலக்கண் ஆளுகின்றது. நிறை மூன்று கிலோவுக்குச் சற்று மேலே இருப்பது நன்று. மிக இலேசான துவக்கு தோளை உதைக்கும். உதைக்கு அஞ்சியவன் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பான்.

நான்காவது, எட்டத்துக்குப் பாய்வது பற்றியது. குழலின் வாய் சற்று நெருங்கியிருந்தாற் சன்னங்கள் நெடுந்தூரம் கூடிச் செல்லும். இந்நெருக்கத்தை 'சோக்' என்பர். முழு நெருக்கமுள்ள குழல் 40 யார் தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள், நூற்றுக்கு எழுபது சன்னங்களைச் சேர்க்கும். நெருக்கமே இல்லாத குழல் நாற்பதைச் சேர்க்கும். வேட்டைக்காரன் முன்னையதை விரும்புவான். காவலன் சுடவேண்டி வருவது பெரும்பாலும் கிட்டத்தில், தெளிவாகத் தெரியும் இலக்கை. அவனுக்குச் சிறு நெருக்கமே போதும்.

பன்றிக்கென நம்மவர் விரும்பும் 'எஸ். ஜி.' தோட்டாவைப் பற்றி ஒரு சொல். அதன் சன்னம் ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட விட்டமுடையது; இலக்குத் தவறினாற் பல நூறு யார் செல்லும். வயலின் அக்கரையிற் காவற் பரணும், பரணிலே ஒரு மனிதனும் இருக்கக்கூடும். நீரிலே தாழ்வாகப் பட்ட சன்னமும் கல் எறிந்தாற்போலத் தத்திச் செல்லும். வாவியிலே இரவில் வலை வீசும் மீனவர் உளர். இலக்கு இன்னதென்று அறியாமலும், இலக்குக்கு அப்பால் என்ன இருக்கின்றதென்று அறியாமலும் விசையைத் தொடலாகாது. அசைவையும் ஓசையையும் கண்டு சுடுபவன் பன்றியென எண்ணி மனிதனைச் சுடுவான்.

ஈயத்தால் வரும் தீங்கு இன்னொன்றும் உண்டு. மாரியிலே வடதிசை நாடுகளிலிருந்து நம் வாவிகளுக்கு வரும் தாராக்கள், இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்குகின்றன. சேற்றிற் கிடக்கும் ஈயச் சன்னத்தையும் கல்லென்றே விழுங்கி நஞ்சேறி இறக்கின்றன. இதனால் அமெரிக்க நாட்டில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் விலக்கப்பட்டது; இங்கிலாந்தில் 1999 இலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 இலும் விலக்கு வந்தது. பறவைகளைக் காக்க நியமிக்கப்பட்டவனே வாவிக்குள் ஈயத்தை விதைத்தல் தகாது. உருக்குச் சன்னத் தோட்டா கைக்கு வருமாயின், அதனை முழு நெருக்கமுள்ள பழைய குழலில் இடக்கூடாது என்பதையும் நினைவிற் கொள்க.

பழைய துவக்கு ஒன்று கொடுக்கப்பட்டாற் சோதிக்க வேண்டியவை சில. மூடிய துவக்கை அசைத்தாற் குழல் ஆடலாகாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே துருக்குழியும் நெளிவும் தெரியலாகாது. தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீற்றரா 70 மில்லிமீற்றரா எனப் பொறிப்பைப் பார்த்தல் வேண்டும். சுடாத 70 தோட்டா 65 அறைக்குள்ளும் புகும். சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அமுக்கம் அபாயகரமாக உயரும். கரிமருந்துக்கென்று செய்த பழங்குழலில் இக்காலத் தோட்டாவை இடுதல் கூடாது. கம்மாலையில் ஒட்டிய நாட்டுத் துவக்கைத் தொடவே வேண்டாம். அதன் தம்பியாகிய கட்டுத்துவக்கோ, வழியிற் கட்டிவிட்டால் பன்றி, மாடு, விறகுக்குப் போகும் பெண் என்ற வேறுபாட்டை அறியாது. அதனைக் கண்டு அகற்றுவது காவலனின் முதற் கடமைகளுள் ஒன்று.

நம் வாவிக் காற்று உப்புக் காற்று. ஒரே இரவில் இரும்பு சிவக்கும். ஒவ்வொரு நாளும் குழலைத் துடைத்துத் துவக்குக்கென்றுள்ள எண்ணெயை மெல்லெனப் பூசுதல் வேண்டும். அடுக்களைத் தேங்காயெண்ணெய் நாளடைவிற் சிக்குப் பிடிக்கும். சேற்றிலே வாய் குத்திய துவக்கை, உள்ளே பாராமல் ஒருபோதும் சுடலாகாது. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரத்தைக் கோருகின்றது. வீட்டிலே பிள்ளைகள் இருப்பதோ, துவக்கும் தோட்டாவும் வெவ்வேறு பூட்டுக்குள் இருக்கவேண்டும் எனக் கோருகின்றது.

திரட்டிச் சொன்னால், 12 போர், மடிந்து திறக்கும் அமைப்பு, உடலுக்கேற்ற பிடங்கு, சிறு நெருக்கம், ஐயமற்ற குழல் ஆகிய ஐந்தும் அமைந்த துவக்கே பயிலும் காவலனுக்கு ஏற்றது. அது விலையுயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. நெடுந்தூரம் பாயவும் வேண்டியதில்லை. பிள்ளைகளைக் காவற் பணிக்கு அனுப்பும் பெற்றோர், "எத்தனை பன்றி சுட்டாய்?" என்று கேளாது, "துவக்கைத் திறந்து பார்த்தாயா?" என்று கேட்பார்களாயின், அவ்விளைஞர் பணி முடித்து வீடு திரும்புவர், படுவான்கரையின் வயலும் காடும் ஒன்றோடொன்று சற்று அமைதியாக வாழும்.