ஒலியும் தொலைவும்

தொலைவு கூடினால் ஒலி குறையும் என்பதை எவரும் அறிவர். ஆனால் எல்லா ஒலிகளும் ஒரே அளவில் குறைவதில்லை. சித்தூர்–திருப்பதி நெடுஞ்சாலை இதற்கு நல்ல சான்று.

சாலையோர ஊர் ஒன்றில் திருவிழாவிற்குக் கட்டிய ஒலிபெருக்கி ஒரு புள்ளி மூலம். அதன் ஒலியாற்றல் கோளமாக விரிகிறது. தொலைவு இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஒலி மட்டம் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 80 டெசிபல் எனில் 100 மீட்டரில் 60.

சாலையின் இயல்பு வேறு. வேலூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திருமலைக்குச் செல்லும் வாகனங்களும் லாரிகளும் இடைவிடாது ஓடும்போது சாலை முழுவதும் ஒரே நீண்ட ஒலி மூலமாகிவிடுகிறது. ஒலி உருளையாக விரிவதால், தொலைவு இரட்டிக்கும்போது குறைவது 3 டெசிபல்தான். அதே 80 டெசிபல், 100 மீட்டரில் 70 ஆகவே நிற்கும். இந்த 10 டெசிபல் வேறுபாடு ஆற்றலில் பத்து மடங்கு. பாகாலா வழியே செல்லும் ரயிலோ இரண்டிற்கும் இடைப்பட்டது: அருகில் கோடு, வெகுதொலைவில் புள்ளி.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமளிக்கின்றன. அங்கு வரம்பு பகலில் 50 டெசிபல், இரவில் 40. ஒலிபெருக்கியின் 80 டெசிபல் 50 ஆக வேண்டுமாயின் ஏறத்தாழ 316 மீட்டர் வேண்டும். சாலைக்கோ, ஏட்டுக் கணக்கின்படி, 10 கிலோமீட்டர்! நிலமும் கட்டடங்களும் ஒலியை விழுங்குவதால் நடைமுறையில் அவ்வளவு தேவைப்படாது. எனினும் நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவமனைக்கு 100 மீட்டர் போதிய காவலன்று.

காற்றும் கணக்கை மாற்றுகிறது. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பமான காற்று நிற்கும். அப்போது மேலெழும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. நோயாளி உறங்க வேண்டிய வேளையில்தான் தொலைவின் பயன் குறைகிறது. ஆகவே பகலில் மட்டும் அளந்து இடம் தேர்வது தவறு. உயர் அதிர்வெண் ஒலியைக் காற்று விரைவில் உறிஞ்சும். தாழ்ந்த உறுமல் நெடுந்தொலைவு செல்லும். 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் ஸ்ரீஹரிகோட்டாவின் ராக்கெட் முழக்கம் தொலைவில் வெறும் உறுமலாகவே எட்டுவது இதனால்தான்.

தொலைவு கைகொடுக்காத இடத்தில் தடுப்புச் சுவர் உதவும். அது சாலையை ஒட்டியோ கட்டடத்தை ஒட்டியோ அமைய வேண்டும்; நடுவில் நின்றால் பயன் குறையும். லாரியின் தாழ்ந்த உறுமலோ சுவரின் மேல் விளிம்பில் வளைந்து ஓரளவு உள்ளே வரும்.