வேலைக்காரியுமல்லள், விருந்தினளுமல்லள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மகளிர் அரங்கில் நிகழ்த்திய உரை)



தென்னாட்டினின்றும் இத்தலைநகருக்குக் குடிவந்தவர் நாம். மொழி அறியாத ஊரில் முதலாண்டைக் கழிப்பது எத்தகையது என்பதை நமக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காய்கறிக்காரரிடம் விரல் மடக்கிக் கணக்குச் சொன்னதும், தில்லியின் முதற் குளிரில் நடுங்கியதும் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதைகள். ஆயினும், நாம் குடும்பத்தோடு வந்தோம். கதவைத் தாழிட்டால் உள்ளே தமிழ் இருந்தது. அத்துணையும் இன்றி, அயல்நாட்டில் அயலார் இல்லத்துக்குள்ளேயே வாழச் செல்லும் ஓர் இளம்பெண்ணின் நிலை என்ன? நம் பிள்ளைகளுள் சிலர் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் பயின்றுகொண்டு, ‘ஓ பேர்’ ஆகச் செல்லலாமா என்று வினவுகின்றனர். ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

‘ஓ பேர்’ என்பது பிரெஞ்சுச் சொல். ‘சமநிலையில்’ என்பது அதன் பொருள். இளைஞர் ஒருவர் அயல்நாட்டுக் குடும்பமொன்றில் ஓராண்டளவு தங்கிக் குழந்தைகளைப் பேணி, எளிய வீட்டு வேலைகளில் துணைநின்று, உணவும் உறையுளும் கைச்செலவுப் பணமும் பெற்று, அந்நாட்டு மொழியையும் வாழ்க்கையையும் அறிந்து மீள்வதே இவ்வேற்பாடு. 1969 ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்றத்தார் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இதற்கென ஓர் உடன்படிக்கை வகுத்தனர். இவ்வாறு செல்வோர் மாணவரும் அல்லர், தொழிலாளரும் அல்லர். இரண்டின் இயல்பும் கலந்த தனி வகையினர் என்று அது கருதிற்று.

ஜெர்மனியின் விதிகளைச் சுருங்கக் கூறுவோம். பதினெட்டு வயது நிரம்பி, விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது எய்தாதவராய் இருத்தல் வேண்டும். தொடக்க நிலை ஜெர்மன் அறிவு வேண்டும். வேலை வாரத்திற்கு 30 மணிக்கும் நாளொன்றுக்கு 6 மணிக்கும் மேற்படலாகாது. இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நேரமும் இதனுள் அடங்கும். தனியறை, மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம், காப்பீடு, வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, மொழி வகுப்பிற்குச் செல்ல நேரம் ஆகியவற்றைக் குடும்பத்தார் அளித்தல் வேண்டும். இவை யாவும் புறப்படுமுன் எழுத்தில் ஒப்பந்தமாகின்றன.

இவ்வெழுத்தின் அருமையை ஒரு பழைய வரலாறு உணர்த்தும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டு ஆயாமார் பலர், துரைமாரின் குழந்தைகளைக் கப்பலிலே பேணிக்கொண்டு இங்கிலாந்து சென்றனர். கரை சேர்ந்தபின் திரும்புவதற்கு வழியின்றி விடப்பட்டவர் அவருள் உண்டு. அத்தகையோர்க்கு இலண்டனில் ‘ஆயாக்கள் இல்லம்’ ஒன்று நடந்தது. 1900 முதல் அது ஹாக்னிப் பகுதியில் இயங்கிற்று. 2022 இல் அங்கே நினைவுப் பலகை பதித்தனர். அவர்கள் காட்டிய அன்பு குறைவானதன்று; அவர்கள் கையில் ஒப்பந்தம்தான் இல்லை.

இனி, சென்றபின் வாழ்க்கை. குடியேறிய இரு வாரத்துள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். அன்று உரக்க ஒலி எழுப்புவதும் ஆகாது. குப்பையைத் தாள், கண்ணாடி, உணவுக்கழிவு என வகை பிரித்தே இடுவர். இரவு உணவு பல வீடுகளில் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமே. சூடான சோறும் இரசமும் எதிர்பார்த்த வயிறு முதல் வாரத்தில் அழும். டிசம்பரில் பெர்லின் நகரில் மாலை நான்கு மணிக்கே கதிரவன் மறைந்துவிடும். வீட்டு நினைவு அப்போதுதான் மிகும். இவையெல்லாம் பழகிவிடும். நாம் சப்பாத்திக்குப் பழகவில்லையா?

பழகுதற்கு அரியது வேறொன்று. ஜெர்மன் மொழியிலும் நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல ‘டூ’, ‘ஸீ’ என இரு சொற்கள் உண்டு. இல்லத் தலைவி வந்த பெண்ணை ‘டூ’ என்பாள். தன்னையும் ‘டூ’ என்றே, பெயர் சொல்லியே அழைக்கச் சொல்வாள். மூத்தாரை ‘நீ’ என்று அழைத்தறியாத தமிழ்ப் பெண்ணுக்கு நா எழாது. ஆனால் அவ்வொரு சொல்லில்தான் ‘ஓ பேர்’ என்பதன் பொருள் முழுதும் இருக்கிறது. ஆகவே, பணிவு என்றெண்ணி நேரங்கடந்து வேலை செய்தலும், ஓய்வு நாளை விட்டுக்கொடுத்தலும், குறையை விழுங்கிக்கொள்ளுதலும் வேண்டா. குறையை அன்றன்றே இன்முகத்தோடு சொல்லுதல் அங்கே முறையாகும்; மரியாதைக் குறைவன்று. கடவுச்சீட்டு எவர் கையிலும் ஒப்படைக்கலாகாது. இடர் நேரின் காவலர்க்கு 110, மருத்துவ உதவிக்கு 112 என்னும் எண்களை மனப்பாடம் செய்தல் நன்று. இலட்சக்கணக்கில் பணம் கேட்கும் தரகரை நம்பவே வேண்டா.

இறுதியாக ஒன்று. நம் மகள் அங்கே சென்றால் அவளுக்குத் தனியறை உண்டா, ஓய்வு நாள் உண்டா, ஒரே மேசையில் உணவு உண்டா என்றெல்லாம் கேட்போம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் மொழி அறியாது வந்து, நம் குடியிருப்பிலே நம் குழந்தைகளைச் சுமக்கும் பெண்ணும் ஒரு தாயின் மகள்தானே! அவள் உறங்கும் இடம் எது? அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் உண்டா? நம் அடுக்களையில் அவளுக்கென ஒதுக்கிய தனிக் குவளை இன்னும் எதற்கு? நம் பேரக்குழந்தை அவளை ‘நீ’ என்கிறது. நாமும் அதைத் திருத்துவதில்லை.

நம் மகளுக்கு நாம் வேண்டும் ஒப்பந்தத்தை முதலில் நம் இல்லத்தில் எழுதுவோமாக. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு என்னும் ஒரு வரியோடேனும் இவ்வாண்டு தொடங்குவோம். அதன்பின் நம் பெண்கள் எந்நாடு சென்றாலும், தம் உரிமையை அஞ்சாது கேட்பர். அதனை வீட்டிலேயே கண்டு வளர்ந்திருப்பார்கள் அல்லவா?